சாமான் அறையில் இருந்து வரும் சாவிப் பொம்மைகள்: சாவி கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தகரவண்டி:

செட்டிநாட்டு வீடுகளில் பங்கு பிரிக்கும்போதோ ஓடு மாற்றும்போதோ சாமான் அறையைத் திறந்தால், எனாமல் தூக்குகளும் பீங்கான் ஜாடிகளும் வெளியே வந்த பிறகு அடியில் இந்தத் தகரப் பொம்மைகள் கிடக்கும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் வாங்கி வந்தவை. ரயில் எஞ்சின், முரண்டு பிடிக்கும் கழுதை வண்டி, மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் பையன், டிரம் அடிக்கும் கரடி. இவற்றைப் பற்றிய கேள்விகள் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பேசுவோம்.

எடுத்த கையோடு எல்லோரும் செய்வது இரண்டு வேலை: ஈரத்துணியால் துடைப்பது, சாவி கொடுத்துப் பார்ப்பது. இரண்டையும் முதல் நாள் செய்யாதீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் பொம்மை மேல் படிந்திருப்பது வெறும் தூசி அல்ல. சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பும் நுண்மணலும் அதில் கலந்திருக்கும். ஈரத்துணி பட்டால் அது தகரத்தில் அச்சிட்டிருக்கும் படத்தின் மேல் உப்புத்தாளாக வேலை செய்யும். ஒரு அங்குல ஆட்டுமுடித் தூரிகையால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் தட்டிவிடுங்கள். வௌவால் எச்சம் இருந்தால் உதிர்வதை மட்டும் எடுங்கள். ஒட்டியிருப்பதைச் சுரண்டினால் படமும் சேர்ந்து வரும்.

பிறகு பொம்மையைக் கவிழ்த்து அடிப்பக்க முத்திரையைப் படம் எடுங்கள். காலத்தைச் சொல்வது அதுதான். ‘ஜி.பி.என்.’ என்றால் நியூரம்பர்க்கின் பிங் கம்பெனி. முதல் உலகப் போருக்குப் பிந்தைய சரக்கில் ‘பி.டபிள்யூ.’ என்று மாறிவிடும். ‘ஈ.பி.எல்.’ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், 1881-ல் பிராண்டன்பர்க்கில் தொடங்கிய லேமன் கம்பெனி. ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்பது கம்பெனிப் பெயர் அல்ல, 1891 முதல் ஜெர்மனியில் இருந்த வடிவப் பதிவு. ‘யு.எஸ். சோன் ஜெர்மனி’ என்றால் போர் முடிந்த 1945-க்கும் மேற்கு ஜெர்மனி உருவான 1949-க்கும் இடையில். ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றால் 1952-க்கு முன். கல்யாணச் சாமான் எழுதிய சிட்டை வீட்டில் இருந்தால் அதையும் தேடுங்கள். முத்திரையும் சிட்டையும் ஒத்துப்போனால் அதைவிட நல்ல சான்று கிடையாது.

கடிகாரப்பட்டறை:

நல்ல இழை. சாவி விஷயத்தை நான் சொல்கிறேன்.

“அதிகமாகச் சாவி கொடுத்து ஸ்பிரிங் பூட்டிக்கொண்டது” என்று கொண்டு வருவார்கள். அப்படி ஒன்று கிடையாது. முழுதாகச் சுற்றிய ஸ்பிரிங் அடுத்த நொடியே அவிழத்தான் பார்க்கும். அவிழாமல் நிற்கிறது என்றால் பழைய எண்ணெய் காய்ந்து சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கிறது, அல்லது பல்சக்கர வரிசையில் ஏதோ தடுக்கிறது. அந்த நிலையில் ஸ்பிரிங்குக்குள் முழு விசையும் உட்கார்ந்திருக்கும். அப்படியே பிரித்தால் விரல் கிழியும்.

முதலில் சாவியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, கையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். தொட்டவுடனே இறுக்கமாக இருந்தால் ஸ்பிரிங் ஏற்கனவே ஏறி நிற்கிறது. எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்முனை ஒடிந்திருக்கிறது அல்லது அச்சுக் கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. விட்டதும் சாவி பின்னால் துள்ளினால் கிளிக், அதாவது ராச்செட் பற்சக்கரம் பின்னால் திரும்பாமல் பிடிக்கும் கொக்கி, தேய்ந்திருக்கிறது. ஒழுங்காக ஏறியும் ஓடவில்லை என்றால் சக்கர அச்சைப் பாருங்கள், முடியும் நூலும் சுற்றியிருக்கும். ஓடாத பொம்மைகளில் கணிசமானவை இதனால் நிற்பவைதான்.

ஏறி நிற்கும் ஸ்பிரிங்கை இறக்கும் முறை: சாவியை இறுகப் பிடித்து, ஏற்றும் திசையில் இம்மி திருப்பினால் ராச்செட் பல்லில் விழுந்திருக்கும் அந்தக் கிளிக் கொக்கி தளரும். அப்போது மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கொக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியை விரலுக்குள் அரைச் சுற்று மெதுவாகப் பின்னால் விட வேண்டும். கொக்கியை விழவிட்டுப் பிடியை மாற்றிக்கொண்டு மறுபடி அதேபோல். விசை முழுதும் இறங்கும்வரை இதுதான். விலை குறைந்த ஜப்பான் பொம்மைகளில் தூக்குவதற்குக் கொக்கி இருக்காது. அவற்றில் சக்கரத்தில் விரலை வைத்துப் பிரேக் மாதிரி அழுத்தி, மெல்ல ஓடவிட்டு இறக்க வேண்டும்.

புதுவயல்_தம்பி:

அண்ணே, பிரிக்காமல் எண்ணெய் மட்டும் விட்டால் ஆகாதா? வீட்டில் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்கள்.

கடிகாரப்பட்டறை:

தம்பி, தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நல்லெண்ணெய் அதைவிட மோசம், காய்ந்து பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பொம்மை நின்றுவிடும். அதோடு இந்த எண்ணெய்களில் உள்ள அமிலம் பித்தளைச் சக்கரத்தைப் பச்சைப் பசையாக்கும். நின்றுபோன பொம்மைகளைத் திறந்தால் அச்சுத் துளையைச் சுற்றி அந்தப் பச்சை வளையம் தெரியும். அழுக்கின் மேல் புது எண்ணெய் விடுவதும் தவறு. அழுக்கோடு கலந்து துளையை அரைக்கும்.

பிரிக்காமல் கழுவ முடியும். பெயிண்ட் கடையில் மினரல் டர்பன்டைன் கிடைக்கும். ஊசிச் சிரிஞ்சில் 2, 3 மில்லி எடுத்துச் சாவி அச்சின் ஓரமாகவும் சக்கர இடுக்கு வழியாகவும் விடுங்கள். வடியும் நீர் படத்தின் மேல் ஓடாதபடி பொம்மையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கீழே வெள்ளைத்தாள் விரித்துக்கொள்ளுங்கள். பழுப்பு நீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் சிவப்பும் மஞ்சளும் வெளுக்கும்.

உலர்ந்த பிறகு கடிகார எண்ணெய். கிடைக்காவிட்டால் நல்ல தையல் மிஷின் எண்ணெய். ஊசி முனையில் நிற்கும் அளவு ஒரு துளி, அச்சுகள் தட்டில் உட்காரும் துளைகளுக்கு மட்டும். பற்களுக்கு எண்ணெய் கூடாது, தூசியைப் பிடித்து வைக்கும். ஸ்பிரிங் சுருளுக்கு மெல்லிய மாலிப்டினம் கிரீஸ், ஒரு தீக்குச்சி முனை அளவு. ஸ்பிரே டப்பாவை உள்ளே அடிக்காதீர்கள். படத்தின் மேலெல்லாம் பரவும், சில மாதத்தில் ஆவியாகி மசகு இல்லாமல் போகும்.

உப்புக்காற்று:

டர்பன்டைன் பற்றி ஒரு எச்சரிக்கை. அது அச்சுப் படத்தின் வார்னிஷைச் சில பொம்மைகளில் இளக்கும். பொம்மையின் உள்மடிப்பில், தகர நாக்குக்கு அடியில், பஞ்சுக்குச்சியால் ஒற்றிப் பார்த்து நிறம் ஏறாவிட்டால் மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் மூன்றும் வெளிப்பக்கத்துக்குக் கூடவே கூடாது.

பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தகரம் என்பது இரும்புத் தகட்டின் மேல் சில மைக்ரான் வெள்ளீயம். புளியின் அமிலம் அந்தப் பூச்சையும் சேர்த்துத் தின்னும். அடுத்த ஐப்பசி மழையில் தேய்த்த இடம் முழுதும் செம்புள்ளி பூக்கும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் இரும்பு நாரும் இதே கணக்கு.

துருவை எப்படிப் பார்ப்பது: வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். செந்தூள் ஒட்டினால் துரு இன்னும் ஓடுகிறது. கருப்பாக, கெட்டியாக இருந்து ஒன்றும் ஒட்டாவிட்டால் அடங்கிவிட்டது, விட்டுவிடலாம். ஓடும் துருவுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் வைத்து ஒரு இரவு ஊறவிட்டு, மூங்கில் பல்குச்சியைச் சீவி, துருப்புள்ளியை மட்டும் நெம்பி எடுக்க வேண்டும். சுற்றியிருக்கும் படத்தைத் தொடக்கூடாது. முடிந்ததும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை விரல் நுனியால் மிக மெல்லிசாகப் பூசி, பத்து நிமிடம் கழித்துப் பழைய பருத்திப் புடவைத் துணியால் மெருகேற்றுங்கள். சிலிகான் கலந்த கார் பாலிஷ் வேண்டாம். பின்னால் எதையும் ஒட்டவோ பூசவோ விடாது.

உலோக அரிப்பு பற்றியும் ஆய்வு செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953-லிருந்து இயங்குகிறது. கடற்காற்றுச் சோதனைக்கு அவர்கள் மண்டபத்தில்தான் தளம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களுக்கு அந்த உப்பு அவ்வளவாக வருவதில்லை, அது நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் தொண்டிப் பக்கம் உறவினர் வீட்டில் இருந்த பொம்மை என்றால் உப்பு உள்ளே இறங்கியிருக்கும். மெழுகு பூசும் முன் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி, உடனே உலர்த்த வேண்டும்.

தகரவண்டி:

நாக்கு என்ற சொல் வந்ததால் அதைப் பற்றியும். இந்தப் பொம்மைகள் ஸ்க்ரூவில் நிற்பவை அல்ல. ஒரு தகட்டின் விளிம்பில் நீட்டிய சிறு தகர நாக்கு இன்னொரு தகட்டின் பிளவில் நுழைந்து மடங்கியிருக்கும். தொழிற்சாலையில் ஒருமுறை மடங்கியாயிற்று. நீங்கள் நிமிர்த்துவது இரண்டாவது முறை, திரும்ப மடக்குவது மூன்றாவது. அதற்கு மேல் தாங்காது. ஆகவே கழுவிச் சரியாகும் பொம்மையைத் திறக்காதீர்கள்.

திறந்தே ஆக வேண்டும் என்றால் சவரத் தகடு போன்ற மெல்லிய தகட்டை நாக்கின் அடியில் விட்டுச் சிறிது தூக்கிவிட்டு, பல் இல்லாத வழவழப்பான நோஸ் பிளையரால் 90 டிகிரிக்கு மட்டும் நிமிர்த்துங்கள். பிளவு வழியாக நழுவ அது போதும். ஒடிந்துபோனால் ஈயம் வைக்க ஓடாதீர்கள். சூடு பின்பக்கத்துப் படத்தைக் கருக்கிவிடும். உள்பக்கம் 0.2 மி.மீ. தகரத் துண்டு ஒன்றை எல் வடிவில் மடித்து, பாரலாய்டு பி-72 பசையால் ஒட்டினால் பிடிக்கும். பிற்பாடு வேண்டாம் என்றால் கழற்றவும் முடியும். ஆனால் அந்தப் பசை அசிட்டோனில் கரைத்தது. வெறும் தகரத்தில் மட்டும் படட்டும்.

ஜீரோகேஜ்:

ரயில் செட்டுகள் பற்றி நான் எழுதுகிறேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளிவரும் சாவி ரயில்களில் பெரும்பாலும் இரண்டு அளவு. தண்டவாளத்தின் உள்பக்கங்களுக்கு இடையே 32 மி.மீ. இருந்தால் ஜீரோ கேஜ், 45 மி.மீ. இருந்தால் ஒன்றாம் கேஜ். லிவர்பூல் மெக்கானோ கம்பெனியின் ஹார்ன்பி ரயில்கள் 1920-ல் வந்தவை, ஜீரோ கேஜ். டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிப்பெட்டி) எல்.எம்.எஸ். அல்லது எல்.என்.இ.ஆர். என்று எழுதியிருந்தால் அது 1923-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த ரயில் கம்பெனிகளே அந்த ஆண்டுதான் உருவாயின.

எஞ்சினைக் கையில் தூக்கிப் பிடித்து முழுச் சாவியும் கொடுத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு ரசிப்பார்கள். சுமை இல்லாமல் ஓடும்போது வேகம் கட்டுமீறிப் போகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருந்தால் அதன் கைகள் வளையும், இல்லாவிட்டால் அச்சுத் துளை முட்டை வடிவாகத் தேயும். தண்டவாளத்தில் இரண்டு பெட்டி கோத்து, பாதிச் சாவியில் ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் கேபினில் உள்ள பிரேக் கம்பி உள்ளே தள்ளியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சக்கரம். 1930-களின் எஞ்சின்களில் சக்கரம் வார்ப்புத் துத்தநாகக் கலவை. வார்க்கும்போது ஈயம் சிறிது கலந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடும். சக்கரம் உப்பும், மேலே வலைபோல வெடிப்பு விழும், கடைசியில் விரலில் சாம்பல் தூளாக உதிரும். இது துரு அல்ல. எண்ணெயோ மெழுகோ நிறுத்தாது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். உப்பிய சக்கரம் சட்டத்தில் உரசுவதால் எஞ்சின் நிற்கிறது. அதைத் தெரியாமல் இன்னும் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் போகும். அச்சிலிருந்து இழுத்துக் கழற்றாதீர்கள், அச்சு வளைந்துவிடும். வெடித்த சக்கரத்தை நகைவேலைக் கட்டரால் நறுக்கி எடுத்து, மாற்றுச் சக்கரம் போட வேண்டும். நறுக்கிய துண்டுகளையும் ஒரு உறையில் போட்டு எஞ்சினோடு வைத்திருங்கள்.

புதுவயல்_தம்பி:

ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் கடிகார ஸ்பிரிங்கை வெட்டிப் போடலாமா? கொஞ்சம் தடிமனாகக் கிடைக்கிறது, நன்றாக ஓடும் என்கிறார்கள்.

கடிகாரப்பட்டறை:

போடலாம், ஆனால் தடிமன் கூடவே கூடாது. ஸ்பிரிங்கின் விசை தடிமனின் மும்மடிக்கு ஏறும். 0.30 மி.மீ. இருந்த இடத்தில் 0.40 போட்டால், அகலம் அதே என்றாலும் விசை கிட்டத்தட்ட 2.4 மடங்கு. மெல்லிய சக்கரத்தின் பல் மடங்கும், தட்டைப் பிடித்திருக்கும் நாக்கு பிளவைக் கிழித்துக்கொண்டு வரும். வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து அதே தடிமனைத் தேடுங்கள். டப்பாவுக்குள் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் என்றால், அச்சுக்கும் டப்பாச் சுவருக்கும் இடையேயுள்ள பரப்பில் பாதியை ஸ்பிரிங் அடைத்தால் சரி. அதற்கு மேல் நீளம் போட்டால் சுற்றுகள் கூடாது, குறையும்.

பழைய ஸ்பிரிங்கே மேல். ஒடிவது பெரும்பாலும் உள்முனையில், அச்சுக் கொக்கி மாட்டும் துளைக்குப் பக்கத்தில். ஒரு சுற்று இழந்தாலும் பொம்மை ஓடும். மீதிச் சுருளை ஈரத்துணியால் பொதிந்துவிட்டு, முனையில் 20 மி.மீ. மட்டும் டார்ச்சில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சுடரை மெல்ல விலக்கிக் காற்றில் ஆறவிடுங்கள். தண்ணீரில் தோய்த்தால் கடினப்பட்டு ஒடியும். ஆறியதும் 2 மி.மீ. துளை போட்டு, உள்ளிருக்கும் கொக்கிக்குத் தக்கபடி ஊசி அரத்தால் நீட்டுங்கள். துளையின் ஓரத்தில் பிசிறு ஒன்று மிச்சமிருந்தாலும் அங்கிருந்துதான் அடுத்த வெடிப்பு தொடங்கும். கடைசியில் முதல் சுற்றை அச்சின் வட்டத்துக்கே வளைக்க வேண்டும். வளைவு தளர்ந்திருந்தால் கொக்கி பிடிக்காது. பாதிப் பேர் தடுக்குவது இந்த இடத்தில்தான்.

பள்ளத்தூர்_ஆச்சி:

தகரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜப்பான் பொம்மைகளில் தலையும் கையும் செல்லுலாய்டு. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்க்கிறார்கள். தீயில் காட்டிச் சோதிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், பற்றினால் அணைக்க முடியாது. பூஜை அறைப் பக்கமோ நவராத்திரிக் கொலுவில் விளக்கு அருகிலோ வைக்கவே கூடாது.

செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் மஞ்சளாகி, பிசுபிசுத்து, நெடியடிக்கும். அப்போது அது விடும் அமில ஆவி பக்கத்திலுள்ள தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரே பெட்டியில் இருந்த பத்துப் பொம்மையில் நடுவில் இருந்தவை மட்டும் துருவாக இருந்தால், காரணம் அங்கே கிடக்கும் செல்லுலாய்டு தலைதான். அப்படிப்பட்டதை மூடிய டப்பாவில் அடைக்காமல், காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், குளிர்ந்த இடத்தில் தனியே வையுங்கள். அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி செல்லுலாய்டையும் பழைய பிளாஸ்டிக்கையும் இளக்கும். வேப்பிலையும் வேண்டாம், ஈரத்தைக் கொண்டுவரும்.

ஈய பொம்மைகள், ஈயத்தால் செய்த டிரைவர் உருவங்கள் மூடிய மரப்பெட்டியில் நெடுநாள் இருந்தால் வெள்ளைத் தூள் பூக்கும். மரத்தின் புளிப்பு ஆவிதான் காரணம். அந்தத் தூள் நச்சு; கையுறை போட்டு எடுங்கள், ஊதாதீர்கள். பழைய பெயிண்டிலும் ஈயம் உண்டு. பிள்ளைகள் பார்க்கலாம், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது.

உப்புக்காற்று:

ஆச்சி சொன்னது முழுதும் சரி. தகரப் பொம்மைகளுக்கு மட்டும் ரப்பர் விளிம்பு வைத்த மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது. 20 லிட்டர் பெட்டிக்கு 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி. பச்சையானதும் 110, 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வாட்டினால் மறுபடி ஆரஞ்சாகும். ஈரமானி ஒன்றும் உள்ளே போடுங்கள், 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சுத்தம் செய்த பொம்மையை ஓட்டலாம் என்கிற பட்டறை அண்ணனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. லேமன் மாதிரி 1914-க்கு முந்தியவற்றை ஓட்டவே கூடாது என்பேன். தகரத்தில் தகரம் உரசும் மூட்டுகள் அவை. தேய்ந்தால் திரும்ப வராது.

கடிகாரப்பட்டறை:

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஓடாமல் கிடக்கும் மசகு கெட்டியாகும், கெட்டியானது தெரியாமல் அடுத்த தலைமுறை முழுச் சாவி கொடுக்கும். சுத்தம் செய்த பொம்மையை வருடம் இருமுறை, இரண்டு சுற்றுச் சாவியில் ஓட்டிவிட்டு, விசை முழுதும் இறங்கிய நிலையில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. வெடிப்புள்ளது, நாக்கு ஒடிந்தது என்றால் ஓட்டக் கூடாது, அதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

பழஞ்சாமான்:

பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்க வருகிறவர்களுக்கு. இப்போது செய்த தகரப் பொம்மைக்குச் செயற்கைத் துரு ஏற்றிப் பழசு என்று விற்பது எல்லா ஊரிலும் உண்டு. பத்து மடங்கு லென்ஸில் படத்தைப் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான பூ வடிவில் சுற்றி நின்றால் புது அச்சு. பழையதில் நிறம் திட்டுத் திட்டாகவோ ஒழுங்கில்லாத புள்ளியாகவோ இருக்கும். 1910 என்று சொல்லும் பொம்மையில் நட்சத்திரத் தலை (பிலிப்ஸ்) ஸ்க்ரூ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அந்த ஸ்க்ரூவே 1930-களில்தான் வந்தது. துரு வெளியே மட்டும் இருந்து, நாக்குக்கு அடியில் பளபளத்தால் அதுவும் சந்தேகம்.

பெயிண்ட் அடித்துப் புதுசாக்காதீர்கள். பாதிப் படம் போன அசல் பொம்மைக்கு விலையும் மரியாதையும் உண்டு. மேலே பெயிண்ட் ஏறியதற்கு இரண்டும் இல்லை.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பங்காளிக்கு அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாடு கொண்டுபோக முடியாது. வயது அதற்குள் என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுங்கத்தில் நிற்கும்.

ஜீரோகேஜ்:

பங்கு வைக்கும்போது ஒரு வேண்டுகோள். எஞ்சின் ஒரு புள்ளிக்கு (பங்கு பெறும் குடும்பத்துக்கு), பெட்டிகள் இன்னொரு புள்ளிக்கு, தண்டவாளம் மூன்றாவது புள்ளிக்கு என்று பிரிக்காதீர்கள். செட்டை ஒருவர் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு வேறு சாமானில் ஈடுகட்டுங்கள். அட்டைப்பெட்டி கிழிந்திருந்தாலும் செட்டோடுதான் போக வேண்டும். யார் வாங்கியது, எந்த ஊரில், எந்தக் கல்யாணச் சாமானில் வந்தது என்று ஒரு அட்டையில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்டும் செல்லோடேப்பும் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

புதுவயல்_தம்பி:

கடைசியாக ஒன்று. சாவியே இல்லை என்றால்?

கடிகாரப்பட்டறை:

முதலில் வீட்டுப் பெட்டகச் சாவிக்கொத்தைப் பாருங்கள், அதில் கோத்துவைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் சதுர அச்சின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே வெர்னியரால் அளந்து, அதைவிட 0.1 மி.மீ. மட்டும் பெரிய துளையுள்ள கடிகாரச் சாவி வாங்குங்கள். தளர்ந்த சாவி அச்சின் மூலைகளை உருட்டிவிடும், அதன் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. பிளையரால் திருப்பினாலும் அதே கதி. அச்சு சதுரமாக இல்லாமல் மரை ஓடியிருந்தால் அது திருகிப் பொருத்தும் சாவி. ஏற்றும் திசையில் இறுகும், எதிர்த் திசையில் திருப்பினால் கழன்று கையோடு வரும். பல சாவிகள் தொலைந்தது அப்படித்தான். அதற்கு மரையின் விட்டத்தையும் ஒரு மி.மீ.க்கு எத்தனை புரி என்பதையும் அளந்து, லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கலாம்.